பின் இடச்சில்லு

மீற்றர் மூன்றாம் தரமும் பூச்சியம் தாண்டிவிட்டது.
சன்னிக்கு வயது முப்பத்தேழு.
பாதி விலை நான், பாதி சுகிர்தா.
பெற்றோல் ஒரு கிழமை அவள், ஒரு கிழமை நான்.
எட்டு வருடமாகப் பண்ணைப் பாலத்தால்
உப்புக்காற்றுக்குள் வேலணைக்குப் போய்
உப்புக்காற்றுக்குள் திரும்புகிறோம்.
அவ்வளவு உப்பும் எங்கே போயிற்று என்பது
இப்போதுதான் தெரிந்தது:
பிறேக் குழாயின் தோலுக்குள்.

முதலில் ஒழுகியது பின் வலம்.
ஸ்ரான்லி வீதியில் வாசர் வாங்கிப் பூட்டினோம்.
பூட்டி இருபதாம் நாள் முன் ஓஸ் வெடித்தது.
அதை மாற்ற, பின் இடத்துக் குழாய் வியர்த்தது.
பொனிப்பாஸ் கையைத் துடைத்தபடி சொன்னார்:
"ஒண்டை அடைச்சா அமத்தம் மற்றதைத் தேடிப் போகும் ரீச்சர்.
இது புது ஓட்டை இல்லை.
அதின்ரை முறை வந்திருக்கு."
பதினாறு வருடம்
அடைபட்ட திரவத்தின் அழுத்தம் படிப்பிக்கிறேன்,
கரும்பலகையில் அம்புக்குறி போட்டு.
ஒரு அம்புகூட இப்படிப் பேசியதில்லை.

ஒரு செவ்வாய், அல்லைப்பிட்டிக்கு முன்னால்
றோட்டின் நடுவே மாடு.
மிதித்தேன்.
பெடல் அடிவரைக்கும் போய் அங்கேயே கிடந்தது,
எழுப்பிக் கேட்டால்
தலை குனிந்து நிற்கும் பிள்ளை மாதிரி.
இரண்டாம் கியர். கைப் பிறேக்.
மாடு வாலைக்கூட ஆட்டவில்லை.
ஒயில் ஊற்றி, மிதித்து, ஊற்றி, மிதித்துப்
பள்ளிக்கூடம் வர ஏழு ஐம்பது.

சுகிர்தா அன்று முதல் பஸ்ஸில் போயிருந்தாள்.
அந்த மாதம்தான் பதில் உப அதிபர்.
வரவுப் பதிவேட்டில் ஏழரைக்குச் சிவப்புக் கோடு,
அடிமட்டம் வைத்து, நேராக.
அதற்குக் கீழே நான் கையெழுத்திட
விரலில் இருந்த பிறேக் ஒயில் பட்டுக்
கோடு ஓரிடத்தில் கரைந்தது.
மிச்சம் நின்றது.

பதினொரு நாள்.
ஒரே பஸ்ஸில் அவள் முன் கதவு, நான் பின் கதவு.

குழாயைச் சனிக்கிழமை மாற்றிவிட்டு
ஞாயிறு பாசையூர்த் திருநாளுக்குப் போய்விட்டார் பொனிப்பாஸ்.
ஃபோனில் வெடிச்சத்தத்துக்கு மேலால் கத்தினார்:
"எயார் மட்டும் வெட்டுங்கோ!
தூரத்துச் சில்லு முதல், பின் இடம்!
ரெண்டு பேர் வேணும்!"
ரெண்டு பேர்.
தண்ணி ஒரு வாளி வேணும் என்பதுபோலச் சொன்னார்.

வந்தாள். தானாக ட்றைவர் சீற்றில் ஏறினாள்.
அவளுக்குக் கார் ஓடத் தெரியாது.
நான் கீழே, முதுகுக்குச் சாக்கு,
எட்டாம் நம்பர் ஸ்பானர், ஜாம் போத்தல்,
ஒரு முழம் சேலைன் ரியூப்.

மிதி.
மிதிச்சிட்டன்.
பிடி.
பிடிக்கிறன்.
திறந்தேன். சாயத் தேத்தண்ணி நிறத்தில்
குமிழ் குமிழாக வந்தது. பூட்டினேன்.
விடு.
மிதி.
மிதிச்சிட்டன்.
பிடி.
வெளியே வந்த குமிழ் திரும்பி உள்ளே ஓடியது.

"விடச் சொல்லேல்லையே."
"கால் உளைஞ்சுது."
"வாயைத் திறந்து சொல்லலாமெல்லே."
"நீ சொன்னனியே, கார் நிண்டு போச்செண்டு?
ஒரு கோல் எடுத்திருந்தா
கோட்டைக் கொஞ்சம் பிந்திக் கீறியிருப்பன்."

கீறியிருப்பாளா? தெரியாது.
பெடலின் சுருள் ஒருதரம் கிறீச்சிட்டது.
முகத்துக்கு மேலே சில்லில்
போன மாரியின் சேறு காய்ந்திருந்தது.
மிதி, என்றேன்.

திங்கள் பண்ணையில் மிதித்துப் பார்த்தேன்,
முன்னால் ஒன்றும் இல்லாமலே.
பாதியில் நின்றது பெடல், கல்லுப் போல.
"ஏனடி நிப்பாட்டினனி?"
"சும்மா."

ஏழு பதினெட்டு. இறங்கும்போது
செருப்பு வாரில் ஈரம்.
பெடல் தண்டு வழியே மெல்ல
இன்னொரு துளி வந்துகொண்டிருந்தது.
சுகிர்தா குனிந்து விரலால் தொட்டாள், முகர்ந்தாள்.
மாஸ்டர் சிலிண்டர், என்றேன்.
கைப்பையைத் திறந்து
சிவப்புப் பேனையை எடுத்தாள்,
தன் உள்ளங்கையில் எழுதினாள்:
மாஸ்டர் வாசர். பாதிப் பாதி.